மிளகு பிழைத்துவிட்டான்: அம்மிச்சிக்கும் உங்கள் எல்லாருக்கும் நன்றி

கொழிஞ்சாம்பாறையிலும் கோயமுத்தூரிலும் எங்களோடு சேர்ந்து தவித்த எல்லாருக்கும்,

மூக்கடைத்து மூச்சு முட்டிக் கிடந்த எங்கள் சின்சில்லா (அணில் மாதிரி கொறிக்கும் ஒரு சின்னப் பிராணி) மிளகு பிழைத்துவிட்டான். இன்று காலை காய்ந்த புல்லைத் தானாக இழுத்து நறுக் நறுக்கென்று கடித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட கையோடு இதை எழுதுகிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நடு ராத்திரியில் போனை எடுத்தவர்களே நீங்கள்தானே.

முதல் நன்றி அம்மிச்சிக்கு. எங்கள் வீதியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அம்மிச்சிதான், பாட்டிதான்.

சலைன் (உப்புத் தண்ணீர் மருந்து) ஊற்றி நெபுலைசர் (மருந்தைப் பனிப்புகை மாதிரி ஆக்கி மூச்சில் ஏற்றும் மெஷின்) வைக்கச் சொல்லி டாக்டர் போனில் சொன்ன அன்றைக்குப் பார்த்து கடையடைப்பு, ஹர்த்தால். மருந்துக்கடை திறந்திருந்தது, ஆனால் அங்கே மெஷின் இல்லை. அம்மா இதைப் பக்கத்து வீட்டில் புலம்பியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அம்மிச்சி தன் மெஷினை ஒரு துணிப்பையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றியிருந்தாலும் வாய் வந்திருக்காது. அவருக்குப் பல வருஷமாக இழுப்பு உண்டு, அந்த மெஷின் இல்லாமல் ராத்திரி கண் அசர மாட்டார் என்பது வீதிக்கே தெரியும்.

"எனக்குப் பம்ப் இருக்குது கண்ணு. அதுக்குப் பம்ப் வெக்க முடியாதில்ல?" என்றார். பம்ப் என்று அவர் சொன்னது வாயில் வைத்து அழுத்தும் இன்ஹேலரை. தனக்கென்று வைத்திருந்த, இன்னும் பிரிக்காத, மருந்து ஊற்றும் புதுக் கப்பும் குழாயும் அந்தப் பையிலேயே இருந்தன.

அதோடு திரும்பிப் போகவும் இல்லை. பூனைக்கூடையில் மிளகை வைத்து மேலே துண்டைப் போட்டுக் குழாயை உள்ளே விட்டேன். சுவிட்சைப் போட்டதும் மெஷின் தரையில் தடதடவென்று அதிர, உள்ளே அவன் சுருண்டு நடுங்கினான். அம்மிச்சி உடனே அதை அணைத்தார். பையில் இருந்த ஒரு பழைய நூல் சேலையை எடுத்து, நாலாக மடித்து, மெஷினை அதன்மேல் வைத்து நிலைப்படிக்கு வெளியே தள்ளினார். குழாய் மட்டும் அறைக்குள். சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. "மூச்சு முட்டறப்ப பெருஞ்சத்தம் கேட்டா எனக்கே படபடன்னு வரும். இது எம்மாத்தரம்?" என்றார். பயமும் பதற்றமும் இந்த மாதிரிச் சின்ன உயிர்களின் மூச்சை இன்னும் கெடுக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அம்மிச்சி அதைத் தன் உடம்பிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறார்.

அப்புறம் மெஷினை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். "ராத்திரி எனக்கு வேணும்னா நான் இங்க வந்துக்கறேன்." ஒரு ராத்திரி அப்படியே வந்தார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தன் மாஸ்கை மாட்டிக்கொண்டார். முடிந்ததும் கப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "இப்ப அவனோடதைப் போட்டு அவனுக்கு வை" என்றார். அரைக் கிலோகூட இல்லாத ஒரு பிராணிக்காக, எழுபது தாண்டிய ஒருவர், மூச்சிரைக்க நடந்து வந்து வரிசையில் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

கோயமுத்தூர் டாக்டருக்கு நன்றி. குழந்தைகளுக்குத் தரும் அமாக்ஸிசிலின் சிரப்பை மட்டும் வாய்வழி கொடுத்துவிடாதே, சின்சில்லாவின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அது அழித்துவிடும் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னவர் அவர். மூக்கு அடைத்தால் இவை சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் நின்றுவிடும் என்று சொல்லி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ் ஊட்டவும் சொல்லிக்கொடுத்தார். மிளகு உடம்பைச் சுத்தம் செய்யப் புரளும் மணல் குளியலை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். வேலந்தாவளம் வழியாக ஏசி காரில் கூட்டிப்போன மாமா, அவன் தின்னும் திமோத்தி புல்லைப் பஸ்ஸில் கொடுத்துவிட்ட கல்லூரிப் பெண், கரண்ட் போன மத்தியானம் கேட்காமலே ஐஸ் கொண்டுவந்து தந்த மீன்கடை அண்ணன், தினமும் விசாரித்த வீதிக்காரர்கள் எல்லாருக்கும் நன்றி.

மிளகை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தபோது மனசில் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. இவனுடைய சாதி ஆண்டிஸ் மலையில் குளிரும் வறட்சியுமான உயரத்தில் வாழ்ந்தது. ஒரே மயிர்க்காலில் 50 முடிக்கு மேல் முளைக்கும் உடம்பு. 25 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். நம் பாலக்காட்டு வெயிலும் மழைக்காலத்து ஈரமும் அதற்கு எப்படி ஒத்துவரும்? ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம் எங்களிடம் கொடுத்ததால் வந்தவன் அவன். இருக்கும்வரை ஏசி அறையில் ராஜாவாக வைத்துக்கொள்வோம். ஆனால் சின்சில்லா வாங்கலாமா என்று கேட்டு யார் வந்தாலும், வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அவன் பட்டதைப் பார்த்த பிறகு வேறு எதுவும் சொல்ல எனக்கு மனசு வராது.

அம்மிச்சியின் மெஷினைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். எங்களுக்கென்று ஒன்று வாங்கியும் வைத்திருக்கிறோம். அது மிளகுக்கு மட்டும் இல்லை. பிரிக்காத மாஸ்க் செட்டுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும். ஹர்த்தாலோ அடைமழையோ, நம் வீதியில் யாருக்கு மூச்சு முட்டினாலும், எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.