காப்பு அவிழும் வரை

கடலூர்

அன்புள்ள நண்பா,

உன் மாணவி திரௌபதி அம்மன் கோயில் தீமிதித் திருவிழா பற்றி எழுதிய வரைவு வந்தது. நன்றாக உழைத்திருக்கிறாள். ஆனால் பிரெஞ்சு இனவியல் அறிஞர் வான் கென்னப்பின் கருத்தைப் பொருத்திய இடத்தில் இடறியிருக்கிறாள். 1909இல் அவர், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் சடங்குகளைப் பிரிதல், இடைநிலை, இணைதல் என்று மூன்றாகப் பகுத்தார் அல்லவா? இவள் காப்புக் கட்டுவதைப் பிரிதல் என்றும், தீக்குழியை இடைநிலை என்றும், வீடு திரும்புவதை இணைதல் என்றும் வைத்துவிட்டாள். நெருப்பைக் கடக்கச் சில நொடிதான் ஆகும். இடைநிலை அவ்வளவு குறுகியதில்லை.

வாசற்படியை வைத்துத்தான் வான் கென்னப் அந்த நடுக்கட்டத்தை விளக்குகிறார். நம் வீடுகளிலும் நிலைப்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்பார்கள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்கிற அந்த அச்சம்தான் இது. திரௌபதி அம்மன் கோயிலில் அந்த நிலைப்படி நாள்கணக்கில் நீளும். மஞ்சள் கிழங்கு முடிந்த நூல் மணிக்கட்டில் ஏறியதும் கவிச்சி இல்லை, சவரம் இல்லை, வெளியூரில் இரவு தங்குவதில்லை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிறகு படுகளம், போரில் துரியோதனன் விழும் காட்சி. களிமண் துரியோதனன் மல்லாந்து கிடக்க, அவன் தொடையிலிருந்து எடுத்த செந்நீரால் திரௌபதி கூந்தல் முடிவாள். சனங்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போவார்கள். தீ அதற்குப் பிறகுதான். பல ஊர்களில் தீ மிதித்த பின்னும் காப்பு கையிலேயே இருக்கும். தருமர் பட்டாபிஷேகம் முடிந்து அதை அவிழ்ப்பதுதான் இணைதல். கடப்பது ஆள் மட்டுமில்லை, ஊரே கடக்கிறது.

தீமிதி நாளில் மட்டும் கேமராவோடு போனால் இது பிடிபடாது. "ஏன் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "காலங்காலமாக நடக்குது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கச் சொல். பூசாரியிடம் ஒருமுறை, தீ மிதிப்பவரிடம் ஒருமுறை, அவர் வீட்டில் விரதச் சோறு பொங்கும் பெண்ணிடம் ஒருமுறை. மூன்றாவது பதிலை யாரும் பதிவு செய்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

இன்னொன்று. முத்தால ராவுத்தரை அவள் அடிக்குறிப்பில் ஒதுக்கியிருக்கிறாள். பாரதக் கதை நாயகியின் கோயிலில் ஒரு முஸ்லிம் வீரர் காவல் தெய்வமாக நிற்கிறார். இதிகாசம் சார்ந்த மேல் மரபு கீழே இறங்கியது, கிராமத்துக் கீழ் மரபு மேலே ஏறியது என்ற ஒற்றைக் கோட்டில் அவரை அடக்க முடியாது. அவருக்குத் தனி இயலே வேண்டும்.

நீ புதுச்சேரியில் இருக்கிறாய், வான் கென்னப்பின் பிரெஞ்சு மூலத்தையே அவளோடு உட்கார்ந்து படி. இந்த முறை காப்புக் கட்டும் நாளுக்கே அவள் இங்கு வந்துவிடட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்