ஒரு பிளக் பாயின்ட், ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'ஓஎஸ் (விண்டோஸ் போல கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) போடவில்லை, அதனால் ஓட்டிக் காட்ட முடியாது' என்று சொல்லியே பழைய லேப்டாப்பை விற்றுவிடுகிறார்கள். இதை நம்பி நான் ஏமாந்தேன்.

நான் வயரிங் வேலை செய்பவன். பழைய மோட்டார் வாங்கினால்கூட இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்க்காமல் தூக்கமாட்டேன். ஆனால் கல்லூரியில் சேர்ந்த மகளுக்குப் போன ஆடியில் 13,500 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கியபோது, திரையில் கம்பெனி பெயர் வந்ததுமே பணத்தைக் கொடுத்துவிட்டேன். விண்டோஸ் போட்ட மறுநாளே நீலத் திரை வந்து நின்றது. மறுபடி போட்டோம், மறுபடி நின்றது. 'நீங்கள் போட்ட ஓஎஸ் சரியில்லை' என்றார் கடைக்காரர்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மெம்டெஸ்ட்86+ என்ற, மெமரியைச் சோதிக்கும் இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினை ஆன் செய்தார். பத்து நிமிடத்தில் திரை முழுக்கப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். ரேம், அதாவது மெஷினின் தற்காலிக மெமரி, பழுது. விண்டோஸ் ஓடவே இல்லாதபோது அதன்மேல் எப்படிப் பழி போடுவது? புது ரேமுக்கான பணம் என் கையிலிருந்துதான் போனது.

அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். டெல் மெஷின் என்றால் ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தினால் உள்ளேயே சோதனை நிரல் இருக்கிறது. ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போகப் பாஸ்வேர்டு கேட்டால், விற்பவர் அதை நீக்கித் தரும்வரை பணம் கொடுக்கக் கூடாது. பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச ஓஎஸ் இருந்தால், இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டி கீபோர்டு, ஸ்பீக்கர், கேமரா, வைஃபை எல்லாம் பார்த்துவிடலாம். அதிலுள்ள 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் (ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) விவரத்தைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, விவரம் பதியும் சிறு பகுதிகளான செக்டார்களில் எத்தனை கெட்டுப்போய் மாற்றப்பட்டிருக்கிறது என்று தெரியும். அந்த இரண்டாவது எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் நான் வாங்கமாட்டேன்.

பழைய மெஷின் வாங்குவது பெரும்பாலும் என்னைப் போல வசதி குறைந்தவர்கள்தான். விற்பவர்களிடம் நான் கேட்பது ஒரு பிளக் பாயின்ட்டும் ஒரு மணி நேரமும். சோதித்த விவரத்தைப் பில்லிலேயே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பென் டிரைவோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.