கிரேக்க வரலாற்றை கி.மு. 146-இல் இழுத்து மூடிய பாடத்திட்டக் குழுவுக்கு

மதிப்புக்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மூன்றாம் யூனிட் விவகாரம் உங்களுக்குத் தெரியும், தூக்கியவர்களே நீங்கள்தான். கி.மு. 146-இல் ரோம் கிரேக்கத்தை அடக்கியபிறகு நடந்ததைச் சொல்லும் 'ரோமானியர் ஆட்சியில் கிரேக்க நகரங்கள்' என்ற பகுதியை நீக்கியபோது நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை, சரி, ஆயிரம் வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த முறை விட முடியவில்லை. போன வாரம் என் மாணவி ஒருத்தி பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கிவந்து என் மேஜையில் வைத்தாள்.

கேள்வி 10 மதிப்பெண்ணுக்கு. பாரசீகப் போர் வெற்றியை கிரேக்கர்கள் எவ்வாறு நினைவுகூர்ந்தனர்? எந்த ஆண்டுவரை என்று கேள்வியில் இல்லை. அவள் ஒன்றரைப் பக்கம் பிளாட்டியா என்ற கிரேக்க ஊரைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் "கி.மு. 146-உடன் கிரேக்க வரலாறு முடிந்தது" என்று ஒரு வரி, மதிப்பெண் 1. மொத்தம் 37. பாஸாக 40 வேண்டும். இந்த ஒரு அரியரால் அவளுடைய பி.எட். சேர்க்கை ஒரு வருடம் தள்ளிப்போகிறது, அவள் வீட்டில் இன்னொரு வருடம் காத்திருப்பார்களா என்பது அவளுக்கே தெரியவில்லை.

அப்படி என்ன தப்பாக எழுதிவிட்டாள்? கி.மு. 479-இல் பிளாட்டியாவில் பாரசீகர்களோடு போரிட்டு இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் நடந்த சடங்கை எழுதினாள். விடியற்காலையில் போர் எக்காளம் ஊதிக்கொண்டு ஒருவர் முன்னால் போவார், பின்னால் மிர்ட்டில் தழையும் மாலைகளும் ஏற்றிய வண்டிகள், ஒரு கறுப்புக் காளை, மதுவும் பாலும் எண்ணெயும் சுமக்கும் இளைஞர்கள். செத்தவர்கள் விடுதலைக்காகச் செத்தவர்கள் என்பதால் அடிமைகள் யாரும் அதில் கைவைக்கக் கூடாது. கடைசியில் ஊர்த் தலைவர். வருடம் முழுக்க வெள்ளை உடைதான், இரும்பைத் தொடவே கூடாது. அன்று ஒருநாள் மட்டும் செவ்வூதா அங்கியும் கையில் வாளுமாக ஊர் நடுவே நடந்துபோய், தானே ஊற்றுத் தண்ணீர் மொண்டு, தன் கையாலேயே கல்லறைக் கற்களைக் கழுவி, வாசனைத் தைலம் பூசி, காளையைப் பலியிட்டு, இறந்தவர்களை விருந்துக்குக் கூப்பிடுவார். கிரேக்கர்களின் விடுதலைக்காக மாண்டவர்களுக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லி மதுவை ஊற்றுவார்.

இதை நமக்குச் சொல்பவர் ரோமானியர் ஆட்சியில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். இன்றும் நடக்கிறது என்று அவர் எழுதியது கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்தில். போர் முடிந்து ஏறக்குறைய 580 வருடம் கழித்து, ரோமானிய ஆளுநரின் அதிகாரத்துக்குக் கீழே இருந்த ஒரு சின்ன ஊரில், ஒருவர் வாளேந்தி விடுதலையின் பெயரைச் சொல்லி மது வார்க்கிறார்! பாடத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதைத்தான் வெட்டினீர்கள், அதை எழுதிய பிள்ளைக்கு 1 போட்டீர்கள்.

அதே புளூட்டார்க் இன்னோர் இடத்தில், இளம் அரசியல்வாதிகளுக்கு, மாரத்தான், பிளாட்டியா என்று பாரசீகரை வென்ற போர்களைச் சொல்லிக் கூட்டத்தை உசுப்பாதே, உன் தலைக்கு மேலே ரோமானியர்களின் காலணி இருப்பதை மறக்காதே என்று புத்தி சொல்கிறார். ஆண்ட பரம்பரைப் பேச்சு என்று நாம் கேலி செய்வோமே, அதன் ஆபத்து அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் ஊர்க்காரர்களே கோதுமை மூட்டையைத் தோளில் சுமந்து ரோமானியத் தளபதி ஆண்டனியின் படைக்காகக் கடற்கரைவரை போகவேண்டியிருந்தது, முதுகில் சாட்டையடியோடு. பழம்பெருமையைக் கல்லறையில் கொண்டாடலாம், சபையில் பேசினால் வம்பு. இந்த நுணுக்கத்தை 146-இல் புத்தகத்தை மூடிவிட்டு எப்படி நடத்துவது, சொல்லுங்கள்?

பழசு வெறும் ஏக்கமாகவும் இல்லை, செலாவணியாகவும் இருந்தது. கி.பி. 26-இல் ரோமானியப் பேரரசர் திபேரியஸுக்குக் கோயில் கட்டும் உரிமைக்காக, இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த ஆசிய மாகாணத்தின் 11 நகரங்கள் ரோமில் போய்ப் போட்டிபோட்டன. எங்கள் ஊரில் 1200 வருடமாக நிலநடுக்கமே இல்லை என்றது ஹாலிகார்னாசஸ். ரோமுக்கே தாய்வீடு டிராய்தான் என்றது, பழைய டிராய் இருந்த இடத்தில் இருந்த இலியம். கடைசியில் ஜெயித்தது ஸ்மிர்னா. பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 131-132 வாக்கில் பான்ஹெல்லேனியன் என்ற நகரக் கூட்டமைப்பை ஏதென்ஸில் உண்டாக்கியபோது, ஆசியா மைனரின் கிபிரா, நாங்கள் ஸ்பார்ட்டாவின் வழிவந்தவர்கள், ஏதென்ஸுக்கும் சொந்தம் என்று கல்லில் வெட்டிக்கொண்டது. ஸ்பார்ட்டாவில் ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா என்ற பெண்தெய்வத்தின் பலிபீடத்தின் முன் பையன்களைச் சாட்டையால் அடிக்கும் சடங்கைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அதைச் சுற்றி உட்காரப் படிக்கட்டே கட்டிவிட்டார்கள். இதெல்லாம் முடிந்துபோன வரலாறு என்றால், தொடர்கிற வரலாறு எப்படியிருக்கும் என்று குழு ஒரு சுற்றறிக்கை விட்டால் நன்றாக இருக்கும்.

சொன்னால் கோபிக்காதீர்கள், உங்கள் முடிவைக் கேட்டதும் எனக்கு ரோமானியத் தளபதி சுல்லா ஞாபகம்தான் வந்தது. அவர் ஏதென்ஸை முற்றுகையிட்டிருந்தபோது தூது வந்தவர்கள் சமாதானம் பேசாமல் தங்கள் புராண அரசன் தீசியஸையும் பாரசீகப் போரையும் அளந்தார்கள். பாடம் படிக்க ரோம் என்னை அனுப்பவில்லை, கலகக்காரர்களை அடக்கத்தான் அனுப்பியது என்று திருப்பி அனுப்பினார் சுல்லா. ஆனால் கி.மு. 86-இல் நகரத்தைப் பிடித்து ரத்தம் ஓடியபிறகு, இறந்துபோன அந்தப் பழைய ஏதென்ஸ்காரர்களுக்காக உயிரோடிருப்பவர்களை விட்டுவிடுகிறேன் என்று நிறுத்திக்கொண்டார். சுல்லாவே அவ்வளவு இறங்கி வந்தார்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இரண்டுதான். விடைக்குறிப்பைத் திருத்தி அந்த விடையை மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். குறிப்பு மாறாமல் யார் திருத்தினாலும் அதே 1 தான் வரும். அடுத்தது, அந்த யூனிட்டைத் திரும்பச் சேருங்கள். முழுதாக முடியாது என்றால் பிளாட்டியாவையும் ஸ்பார்ட்டாவையுமாவது சேருங்கள், நான்கு வகுப்பில் நடத்திவிடலாம்.

மறுமதிப்பீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். விண்ணப்பம் போட்டாயிற்று, நகலில் சிவப்புக் கோடு போட்ட பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து கூடிப் பேசி அதற்குள் ஒரு வரி பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அந்த யூனிட்டை எட்டு வருடம் நடத்திய கௌரவ விரிவுரையாளர்