எரிக்கை விட்டுப் போகாதவன்

நண்பா,

நாம் சேர்ந்து விளையாடிய கிங்டம் கம் வீடியோ கேமின் சேவ் ஃபைலை நேற்று இரவு திறந்துவிட்டேன். இரண்டு வருஷமாக அதை அழிக்கவும் கை வரவில்லை, தொடரவும் கை வரவில்லை. டால்ம்பெர்க் கோட்டை முற்றுகையில், நீ விட்ட இடத்திலேயே கதாநாயகன் ஹென்றி நின்றுகொண்டிருந்தான்.

வில்லன் இஸ்த்வான் தோத் எதையும் கணக்குப் போட்டே செய்பவன் என்று அன்று நான் சொன்னதில் பாதி இன்னும் சரிதான். கதை நடக்கும் 1403-இல் பொஹீமிய (இன்றைய செக் நாடு) அரசன் வென்செஸ்லாஸ் சிறையில் கிடக்க, தம்பி சிகிஸ்மண்டின் படை நாட்டைச் சூறையாடியது. அந்த சிகிஸ்மண்டுக்குக் கூலிப்படை திரட்டத்தான் இஸ்த்வான் கள்ள க்ரோஷென் வெள்ளி நாணயம் அடித்தான். தன் வ்ரானிக் முகாமில் பிடிபட்ட ஹென்றியிடம், அவன் சேவகம் செய்த பிரபு "ராட்சிக்தான் உன் அப்பா" என்று போட்டு உடைத்ததும் இரக்கத்தால் அல்ல. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தவன் அவன். அதனால்தான் அவனுடைய வலதுகை எரிக் விஷயத்தையும் வெறும் கணக்கு என்றேன்.

எரிக் பிடிபட்டதும் அவனை மீட்க இஸ்த்வான் பேரத்துக்கு இறங்கினானே, அங்கே நீ கன்ட்ரோலரை மடியில் வைத்தாய். "அவன் மேல எவ்வளவு உசிரு பாரு" என்றாய். கண் திரையில் இல்லை. கட்டைவிரல் மட்டும் அந்தக் குமிழைச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் சிரித்தேன். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சிரிப்பதற்குள் நான் சிரித்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மன்னித்துவிடு. நீ ஒன்றும் சொல்லாமல் வயரைச் சுற்றி, முனையைச் செருகி, மேசையில் வைத்துவிட்டுப் போனாய்.

அன்று நீ சொன்னது இஸ்த்வானைப் பற்றி மட்டும்தானா என்பதை இங்கே எழுத மாட்டேன். நம் இருவரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள்.

ஆனால் எனக்கும் கோபம் உண்டு. இத்தனை வருஷப் பழக்கத்தில் நேராகச் சொல்லியிருக்கலாமே? ஒரு வில்லனைச் சாக்கு வைத்து ஒரே ஒரு வரி பேசிவிட்டு, அது எனக்குப் புரியவில்லை என்பதற்காக இரண்டு வருஷம் முகம் திருப்பிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? நான் அனுப்பிய மெசேஜ் ஒன்றுக்காவது பதில் போட்டாயா?

சரி. நேற்று தனியாக உட்கார்ந்து அந்த இடத்தைக் கடந்தேன். ஹென்றியை வளர்த்த கொல்லன் அப்பா அடித்த வாளைக் கடைசிவரை தராமல் போகிறவன், எரிக்கை மட்டும் விட்டுப் போகவில்லை. நீ பார்த்தது அங்கேயேதான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

2025-இல் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. நான் இன்னும் வாங்கவில்லை. இஸ்த்வான் என்ன ஆனான் என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. நீ ஏற்கெனவே விளையாடி முடித்திருந்தால் சொல்லிவிடாதே. வந்து பக்கத்தில் உட்கார்.