தூக்கப் போனவருக்கும் முழுப்பேர் போடுங்கள்

பெருந்தோட்டக் கம்பனி நிர்வாகிகளுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் வணக்கம்.

தேயிலை மலையில் குளவி கிளம்பினால் மறுநாள் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வரும். கொட்டு வாங்கி வைத்தியசாலையில் கிடப்பவர்களில் சிலர், தப்பி ரோட்டுக்கு வந்தபிறகு, விழுந்து கிடந்தவரைத் தூக்கத் திரும்பிப் போனவர்கள். அவர்களுக்கும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், கேட்கத்தான் இந்த மடல்.

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கம், என் அம்மா வேலை செய்யும் மலையில் ஓர் அக்கா தேயிலைக்குள் சரிந்துவிட்டார். பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவர் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்து அவருடைய தலையையும் முகத்தையும் மூடினார். தன் தலைக்கு மூட ஒன்றும் இல்லை. காதிலும் கண் இமையிலும் கொட்டு. இரண்டு பேரையும் கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். விழுந்தவருக்கு அன்று முழுப்பேர். மூடியவருக்கு, பறித்த கொழுந்து கிலோ போதாது என்று அரைப்பேர், பாதிநாள் சம்பளம்தான். "உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்ற கேள்வி வேறு.

குளவி என்று நாம் சொல்வதில் பெரிய மலைத்தேனீயும் சேர்த்திதான். அது கொட்டும்போது ஒரு வாசனை கிளம்பி, கூட்டத்தில் உள்ள மற்றவற்றையும் அதே இடத்துக்கு இழுக்கும். விழுந்தவருக்குப் பக்கத்தில் யார் போனாலும் கொட்டு நிச்சயம். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டில் மூச்சு அடைத்துவிடலாம். நிறையக் கொட்டு வாங்கினால் சிறுநீரகம் பழுதாகலாம், அதுவும் உடனே தெரியாது. அன்று நடந்து வீட்டுக்குப் போனவரையும் வைத்தியர் பார்த்தாக வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், உண்மைதான். ஆனால் அது ரோட்டோடு நின்றுவிடும். மலைக்குள்ளிருந்து ரோடு வரைக்கும் கம்பளியில் போட்டுச் சுமப்பது உடன் வேலை செய்கிறவர்கள்தான். அவர்களை நம்பித்தானே உங்கள் மலைகளில் வேலை நடக்கிறது?

வேலையின்போது வேலை காரணமாக வரும் காயத்துக்கு நட்டஈடு உண்டு என்று 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் சொல்கிறது. தூக்கப் போனது வேலையில் சேராது என்று தயவுசெய்து வாதாடாதீர்கள். அதே மலை, அதே நேரம், அதே குளவி. தூக்கியவருக்கு முழுப்பேர் போடுங்கள், வைத்தியசாலையில் இருக்கும் நாட்களுக்கும் சேர்த்து. விபத்துப் பதிவில் அவர் பெயரையும் எழுதுங்கள். முகத்தை மூடும் வலையும் தடித்த சட்டையும் வேலையை மேற்பார்க்கும் கங்காணி கையில் இருக்கட்டும். கூடு இருப்பது தெரிந்த மலைக்கு, அதை அகற்றும்வரை ஆளை அனுப்பாதீர்கள்.

தலைவர்களே, நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தபோது முன்னால் நின்று பேசினீர்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் எழுத்தில் கேளுங்கள். நிர்வாகங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கப் போனதற்காக யாருடைய பேரும் வெட்டுப்படாது என்று நாளைக் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துத் தொழிலாளியின் மகள்