வெகன் ஆரை விற்கிற எண்ணம் இல்லை, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கனடாவில் பனி விட்டுவிட்டதா? இங்கே வெயில் கொளுத்துகிறது. சோளகக் காற்றுத் தொடங்கினால்தான் கொஞ்சம் ஆறுதல்.

உன் கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இன்னும் அந்தச் சின்னப் பெட்டிக் காரைத்தான் ஓட்டித் திரிகிறாயா என்பது ஒன்று. ஓம், அதையேதான். நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தால் அதிலேயே எல்லா இடமும் போய் வரலாமா என்பது மற்றது. அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது இங்கே நாலு பேர் கூடினால் கார்க்கதைதான். 2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் கப்பலில் கார் வரவே இல்லை என்றால் என்ன நடக்கும்? ஓடித் தேய்ந்ததெல்லாம் பொன் விலைக்குப் போனது. நான் கொடுத்த காசை விடக் கூடத் தர ஆட்கள் நின்றார்கள். ஒரு புறோக்கர் என்னைக் கோயிலில் கண்டாலும் விடுவதில்லை. "புதுசு வந்து இறங்கினா விலை விழுந்திடும், இப்பவே வித்துப் போடுங்கோ" என்று ஒரே அரியண்டம். விழுந்தால் விழட்டும். விற்று வருகிற காசுக்கு இதைவிட நல்லதாக எதை வாங்குவது? வருகிற கார்களுக்கு அரசாங்கம் போடுகிற வரியைப் பார்த்தால், சும்மா இருக்கிற ஆளும் கடன்காரனாகி விடுவான்.

என்னுடையது 2015 இல் செய்த சுசுகி வெகன் ஆர். ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடிவிட்டு வந்தது. அங்கே 'கெய்' என்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, இவற்றுக்குள் அடங்கினால் வரியும் குறைவு, வேறு சலுகைகளும் உண்டு. இடம் நெருக்கடியான ஊர்களுக்குப் பொருத்தமான அளவு. அவர்கள் எங்கள் ஊர் கொக்குவிலைக் கண்டிருக்க மாட்டார்கள், ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு அளவெடுத்தது போலத்தான் இருக்கிறது. நீ இருந்தபோது இரண்டு பக்கமும் கிடுகு வேலி. உரசினால் வேலி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இப்போது எல்லாம் மதில். மைத்துனரின் பெரிய ஜீப் வந்தால் பிரதான வீதியிலேயே விட்டுவிட்டு, பொங்கல் சாமானையும் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். நான் நேரே படலைக்குள் வந்து நிற்பேன்.

அளவு சின்னதே தவிர உள்ளே சின்னதில்லை. கூரையை உயர்த்திச் செய்திருக்கிறார்கள். இருக்கையும் கதிரை உயரத்தில் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் வருத்தம் உனக்குத் தெரியும். தாழ்ந்த கார்களில் அவவை ஏற்றி இறக்குவது ஒரு பெரிய வேலை. இதில் தானே கதவைத் திறந்து, தானே இருந்து, "ஏன் நிக்கிறாய், எடு காரை" என்பா. பின்னிருக்கையை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தலாம், மடித்துப் போட்டால் தளம் சமமாகிவிடும். போன மாதம் வெங்காய மூடைகளைக்கூட ஏற்றினேன். மணம் போக ஒரு கிழமை எடுத்தது, அது வேறு கதை.

ஆனால் இந்தக் காரை நான் உண்மையாக மதிக்கத் தொடங்கியது 2022 இல். அந்த ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசையிலேயே ஆட்கள் படுத்து எழும்பினார்கள். ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டுக்கு எண்ணெய் எடுக்கிற முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று வைத்தார்கள். கார் என்று பதிந்தது சின்னதோ பெரிதோ, அதே 20 தான். நூற்றுக்கணக்கான குதிரை வலுவை வைத்திருந்தவர்கள் அதைத் தகரக் கொட்டகைக்குள் பூட்டிவிட்டுச் சைக்கிளில் திரிந்தார்கள். எனக்கு ஊருக்குள் லீற்றருக்குப் பதினேழு பதினெட்டு கிலோமீற்றர் ஓடும். ஆஸ்பத்திரி, ரியூசன், சந்தை எல்லாம் போய் வந்தும் கிழமை முடிவில் தாங்கியில் மிச்சம் இருக்கும். பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பிள்ளையை இரவில் கொண்டு ஓடியதும் அந்த மிச்சத்தில்தான்.

அந்த நாட்களில் உன் பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 அடிக்கடி நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் போர்க்காலப் பெற்றோல் தடை இருந்தபோது, கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவாரே. பின்னால் வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்க நாற்றம். கலியாண வீட்டுக்கும் அதுதான், செத்த வீட்டுக்கும் அதுதான். அந்தப் பழைய எஞ்சின்கள் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் இருமிக்கொண்டாவது ஓடின. இப்போதையவற்றுக்கு அதெல்லாம் சரிவராது. இருந்தாலும், கொஞ்ச எண்ணெயில் நிறையத் தூரம் போகிற வண்டிக்கே எங்கள் ஊரில் மதிப்பு என்பதை நாங்கள் அப்போதே படித்துவிட்டோம், இல்லையா?

இது பெற்றோலோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் தானே என்று நீ நினைப்பாய். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அது கொஞ்சம் கூடுதல் புகழ்ச்சியாகப் படுகிறது. உன்னுடைய கார் மோட்டாரில் மட்டுமேகூட ஓடும், இது அப்படி ஓடாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை ஒரு சின்ன லிதியம் பற்றறியில் சேர்த்து, வேகமெடுக்கும்போது எஞ்சினுக்குச் சற்றுத் தோள் கொடுக்கும். அவ்வளவுதான். அந்த மோட்டாரின் வலு இரண்டு குதிரை அளவு. சிக்னலில் எஞ்சின் தானாக நின்று, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் சத்தமில்லாமல் எழும்பும். ஜப்பான் சோதனைக் கணக்கில் லீற்றருக்கு 33 கிலோமீற்றராம். எங்கள் வெயிலில், ஏசியும் போட்டுக்கொண்டு, அதில் பாதியைத் தாண்டினாலே நான் சந்தோசப்படுகிறேன்.

பராமரிப்பில் பெரிய கரைச்சல் இல்லை. ஒருமுறை மட்டும் ஒரு கராஜில், சிவிரி என்கிற தானியங்கி கியருக்குரிய ஒயில் இல்லாமல் வேறு ஒயிலை விடப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றபடியால் தப்பியது. இன்னொன்று, காரை ஸ்ரார்ட் பண்ணும் போதெல்லாம் ஒரு ஜப்பான் பெண் ஏதோ சொல்லுவா. அங்கத்தைய வேகப்பாதைக் கட்டணக் கருவியில் அட்டை போடவில்லையாம். கழற்றிவிடலாம் என்றால் மகள் விடுகிறாள் இல்லை.

குறை சொல்லச் சொன்னால் கண்டிக்குப் போகிற ஏ9 நெடுவீதியில் ஓடுவதைத்தான் சொல்வேன். ஆனையிறவு வெளியில் பக்கக் காற்று அடித்தால் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இரவு பஸ் முந்திக்கொண்டு போனால் கார் ஒரு ஆட்டம் ஆடும். சட்டப்படி 70 தான் வேகம், நான் அதற்கு மேல் போவதும் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரில் ஒரு தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வவுனியா வரை போய் வருவேன். கொழும்புக்கு என்றால் ரயிலோ பஸ்ஸோதான். மெல்லிய உடம்புக் காரில் ஒரு லொறியோடு மல்லுக்கு நிற்க எனக்கு விசரா?

சரி, உன் இரண்டாவது கேள்வி. கெய் கார் நாலு பேருக்குத்தான். நீங்கள் ஐந்து பேர். கனடாப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உன்னையும் மனைவியையும் நல்லூருக்கும் கீரிமலைக்கும் நான் கூட்டிக்கொண்டு திரிகிறேன், பிள்ளைகளோடு தூரம் போகிற நாட்களுக்கு வான் பிடிப்போம். திருவிழா 25 நாளும் வான்காரரைப் பிடிக்க முடியாது, அதனால் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். கொழும்பில் இறங்குகிறாயா, சென்னை வழியாகப் பலாலிக்கு வருகிறாயா, எத்தனை பெட்டி என்பதைக் கெதியாக எழுது.

அன்புடன்,
உன் மச்சான்