ரூம் சாவி யாரிடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆளில்லாமலே ஓடும் திரையரங்குகள் பற்றி உங்கள் நாளிதழில் படித்தேன். 31 வருடம் புரொஜெக்டர் ரூமில் கழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் காலத்தில் ஒரு ரீல் 2,000 அடி. 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழு நொடி போல் கழித்து இன்னொரு புள்ளி. அப்போது படத்தை அந்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். அந்தப் புள்ளிக்குப் பயந்தே திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். அதனால் ஃபோகஸ் நழுவினாலும், மெஷினுக்குள் எரியும் கார்பன் குச்சியின் வெளிச்சம் மங்கினாலும், ஜனங்கள் விசிலடிப்பதற்குள் கை போய்விடும். சரி, சூட்டிலும் புகையிலும் செய்த வேலை அது. ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. இன்று படம் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. எப்போது விளக்கு அணைய வேண்டும் என்பதுவரை முன்கூட்டியே பதிந்துவைத்துவிடலாம்.

போன மாதம் ஒரு படத்துக்குப் போனேன். திரையில் ஒருவருக்கும் நெற்றி இல்லை. ஃபிளாட் படத்தை, அதாவது அகலம் குறைந்த படத்தை, அகலப் படத்துக்கான ஸ்கோப் செட்டிங்கில் போட்டிருக்கிறார்கள். மேலும் கீழும் திரையைத் தாண்டி வழிகிறது. பக்கத்து சீட் பையன், "டைரக்டர் டச் போல, அங்கிள்" என்றான்.

எழுந்து வெளியே போனேன். டிக்கெட் கொடுக்க மெஷின், அதைச் சரிபார்க்கவும் மெஷின். துடைப்பத்தோடு ஒரு அம்மா மட்டும் நின்றார். "ரூம் சாவி என்கிட்ட இல்லீங்களே" என்றவர், பாவம், யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சினார். 18 நிமிடம் கழித்துத்தான் படம் சரியானது. ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை! படத்தை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரைக் கேட்டால் காட்சி பிசகில்லாமல் ஓடியது என்றுதான் சொல்லும். அது கோப்பை ஓட்டியது, திரையைப் பார்க்கவில்லை.

ரூமுக்கு ரூம் ஆள் போடச் சொல்லவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் முதல் ஐந்து நிமிடம் ஒருவர் பின்சுவரோரம் நின்று திரையைப் பார்க்கட்டும், சத்தத்தைக் கேட்கட்டும். விளம்பரம் ஓடும்போது நின்று பிரயோஜனமில்லை, படம் தொடங்கிய பிறகு நிற்க வேண்டும். சாவியும் அவரிடம் இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்கே இதைச் சொல்லிக் கொடுக்கலாம். முந்தைய காட்சியும் தலை வெட்டுப்பட்டுத்தான் ஓடியதாம். கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். யாரிடம் சொல்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர்